பொடுகா, படர்தாமரையா? பிரித்தறிந்து மருந்திடுவோம்

 

நமது மாணவர் இல்லத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லி இம்மாதப் பாடத்தைத் தொடங்குகிறோம். தவறு பிள்ளைகளுடையது அல்ல, நம்முடையது.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தலையிலிருந்து வெள்ளைச் செதில்கள் சட்டைத் தோளில் உதிர்வதைக் கண்டு, மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று முறையிட்டார்கள். நாமும் விசாரிக்காமல் அவருக்குத் தனிப் பாயும் தனி இடமும் ஒதுக்கினோம். தொழுகை வரிசையில்கூட அவருக்குப் பக்கத்தில் நிற்கப் பிள்ளைகள் தயங்கினார்கள். அதே மாதம் எட்டு வயதுச் சிறுவர் ஒருவரின் தலையில், ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து செதிலாக இருந்தது. "பொடுகுதான், எண்ணெய் வைத்தால் போய்விடும்" என்று விட்டுவிட்டோம்.

பிறகு இருவரையும் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மூத்தவருக்கு இருந்தது சாதாரணப் பொடுகு. அது யாருக்கும் ஒட்டாது. சிறியவருக்கு இருந்தது தலையில் வரும் படர்தாமரை. ஒட்டுவது அதுதான். அதற்குள் வேறு இரு சிறுவர்களுக்கும் அது வந்துவிட்டது. ஒதுக்கக் கூடாதவரை ஒதுக்கினோம், கவனிக்க வேண்டியவரைக் கவனிக்காமல் விட்டோம். அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இது வேறெந்த வீட்டிலும் நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

பொடுகு ஏன் வருகிறது?

நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலாசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சை குடியிருக்கிறது. 1874இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மலாசேயின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையே அதற்கு உணவு. அதைத் தின்றுவிட்டு அது வெளியிடும் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்போது அரிப்பு எடுக்கிறது. பழைய தோல் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதற்குப் பதிலாக, வேகவேகமாக வளர்ந்து செதில் செதிலாக உதிர்கிறது. இதுவே பொடுகு.

பூஞ்சை எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பதால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பொடுகு தொற்றுவதில்லை. எண்ணெய்ச் சுரப்பு கூடும் பருவ வயதில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். பொடுகு உள்ளவரை அசுத்தமானவர் என்று பேசுவது அறியாமை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஐந்து வேளையும் உளூச் செய்கிறோமே, தலை சுத்தமாகத்தானே இருக்கும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஈரக் கையால் தலையைத் தடவுவது வணக்கத்திற்குரிய சுத்தம். தலையின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் போவதற்குத் தேய்த்துக் குளிக்கத்தான் வேண்டும்.

எந்த ஷாம்பு?

புட்டியின் முன்பக்கத்துப் படத்தையும் விலையையும் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் பாருங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் படிக்கும் பிள்ளைகளிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1. ஜிங்க் பைரிதியோன்: பூஞ்சையைக் குறைக்கும். இலேசான பொடுகுக்கு இதில் தொடங்கலாம்.

2. கீட்டோகோனசோல் 2%: பூஞ்சைக்கு எதிரான வலுவான மருந்து. வாரம் இரு முறை வீதம் 2 முதல் 4 வாரங்கள் வரை போடுவது வழக்கம். குணமான பின், திரும்ப வராமலிருக்க வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ போதும்.

3. செலினியம் சல்ஃபைடு: இதுவும் நல்ல மருந்துதான். நரைமுடியிலும் சாயம் பூசிய முடியிலும் நிறம் மாறக்கூடும். குளிக்குமுன் நகைகளைக் கழற்றி வையுங்கள்.

4. சாலிசிலிக் அமிலம்: தடித்து ஒட்டியிருக்கும் செதிலை இளக்கும். பூஞ்சைக்கான மருந்தை இதனுடன் சேர்த்துத் தர வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் மருந்து ஷாம்பு வாங்க வேண்டாம். கைக்குழந்தைக்கும் அப்படியே.

போடும் முறை

பலர் "போட்டும் பலனில்லை" என்பதற்குக் காரணம், போட்ட கையோடு கழுவிவிடுவதுதான். தலையை நன்றாக நனைத்து, ஷாம்புவை முடியில் அல்ல, தலைத்தோலில் படும்படி விரல் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். 3 முதல் 5 நிமிடங்கள் அப்படியே விட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடுகு இருக்கும்போது இரவு முழுக்க எண்ணெய் ஊற வைப்பது, பூஞ்சைக்குச் சோறு போடுவதற்குச் சமம். செதிலை இளக்க எண்ணெய் தடவினாலும், குளிக்குமுன் சிறிது நேரம் வைத்து முழுதும் கழுவிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்த்தால் புண்ணான தோல் எரியும். பெண்கள் ஈரத் தலையோடு முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளாமல், உலர்த்திய பின் கட்டுவது நல்லது. தலையில் படும் தொப்பி, முக்காட்டுத் துணி, தலையணை உறை ஆகியவற்றை அடிக்கடி துவையுங்கள்.

பொடுகை அடியோடு ஒழித்துவிடுவோம் என்னும் விளம்பரத்தை நம்பாதீர்கள். அது கட்டுப்படும், விட்டால் திரும்பவும் வரும். அளவோடு தொடர்ந்து கவனிப்பதே வழி.

இவை பொடுகல்ல

சிறுபிள்ளையின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து, செதிலோ சீழோ இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். ஷாம்பு மட்டும் அதைக் குணமாக்காது. மருத்துவர் சொல்லும் நாள்வரை மாத்திரையோ மருந்தோ உட்கொள்ள வேண்டும். சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். பிள்ளையை அல்ல, பொருள்களைத்தான் பிரிக்கச் சொல்கிறோம். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள்.

வெள்ளிபோல் மின்னும் தடித்த செதில் நெற்றிவரை இறங்கி, முழங்கை, முழங்காலிலும் இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம். உதறினாலும் விழாமல் முடியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது ஈர், அதாவது பேன் முட்டை.

மருந்து ஷாம்புவை முறையாக ஒரு மாதம் போட்டும் குறையாவிட்டாலும், தோல் சிவந்து நீர் வடிந்தாலும் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இலவசமாகவே பார்ப்பார்கள். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். முதலில் அரிப்பு அடங்கினாலும் படர்தாமரையை அது பரப்பிவிடும்.

இன்று மக்ரிபுக்குப் பின் உங்கள் பிள்ளைகளை விளக்கடியில் உட்கார வைத்து, தலைமுடியை வகிர்ந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். வட்டமான திட்டு தெரிந்தால் நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள். வெறும் பொடுகென்றால், அந்தப் பிள்ளையை யாரும் கேலி செய்ய விடாதீர்கள்.

நமது மாணவர் இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இல்லத்தில் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய சீப்பு இருக்கிறது. தனிப் பாய் யாருக்கும் இல்லை.