மௌனப் பயணியின் தூரிகை

சீன மரபில் எழுதுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் கருவி ஒன்றே, அது தூரிகை. மையும் தாளும் மை இழைக்கும் கல்லும் இரண்டிற்கும் பொது. ஆதலின் பழைய முறையில் எழுத்துப் பயின்ற சீன மாணவன் ஓவியத்தின் முதற்பாடத்தையும் உடன் பயின்றான் எனலாம். இவ்வுண்மையை ஆங்கிலம் அறிந்த உலகிற்கு விளக்கியோருள் சியாங் யீ குறிப்பிடத்தக்கவர்.

யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஜியூஜியாங் நகரில் 1903ஆம் ஆண்டு பிறந்த அவர் ஓவியரின் மகனார். பயின்றதோ வேதியியல், பார்த்ததோ மாவட்ட ஆட்சிப் பணி. ஆட்சியின் சீர்கேடுகளால் மனம் கசந்து, மனைவி மக்களைத் தாயகத்தில் விட்டு, 1933இல் இலண்டன் சென்றார். அப்போது அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதே தெரியும். பேச்சு மொழி கைகொடாத நாட்டில் தூரிகை பேசியது. 'மௌனப் பயணி' என்னும் புனைபெயர் அவருக்கு எத்துணைப் பொருத்தம்!

1936இல் ஆங்கில ஏரி மாவட்டத்தில் தங்கி அவர் வரைந்த படங்களுள் டெர்வெண்ட்வாட்டர் ஏரியில் பசுக்கள் நிற்கும் படம் பலராலும் பேசப்படுவது. ஏரியும் பசுக்களும் இங்கிலாந்தினுடையவை. மையின் ஈரமும், தீட்டாது விட்ட வெண்மை நீராகவும் மூடுபனியாகவும் தோன்றும் முறையும் சீனத்தவை. ஆங்கிலக் காட்சியைச் சீனக் காட்சியாக்கிவிட்டார் என்று குறை கூறுவோர் உளர். அது குறையன்று. பிறந்த மண்ணில் பயின்ற கண்ணைக் கடல் கடந்ததும் கழற்றி வைத்தல் எவர்க்கும் இயலுமோ?

அவருடைய பயண நூல்கள் இனியவை. மக்கள் விரும்பிப் படித்தவையும் அவையே. எனினும் 1938இல் அவர் வெளியிட்ட 'சீன எழுத்தணிக் கலை' என்னும் நூலையே யான் தலையாயதாகக் கருதுகிறேன். சீன எழுத்தில் ஒன்றையும் அறியாதவர்க்கு அவ்வெழுத்தின் அழகை எங்ஙனம் உணர்த்துவது? பொருளை ஒருபுறம் வைத்துக் கோட்டை நோக்குமாறு அவர் பணிக்கிறார். தூரிகை நிமிர்ந்து நிற்க வேண்டும். விரலோடு மணிக்கட்டும் முழங்கையும் தோளும் இயங்க வேண்டும். மென்தாள் மையை உடனே உறிஞ்சிவிடும்; தயங்கினால் கறை படரும்; அழித்துத் திருத்தவோ வழியில்லை. எனவே ஒவ்வொரு கோட்டிலும் எழுதியவனின் விரைவும் அமைதியும் தடுமாற்றமும் அப்படியே பதிந்து நிற்கும். நடனமாடுபவரின் உடற்சமநிலையை ஒத்தது எழுத்தின் சமநிலை. இதனை உணர்ந்தவர்க்கு மூங்கில் இலை ஓவியம் புதிதன்று. அது எழுத்துக்கோட்டின் மற்றொரு வடிவமே.

1940இல் இலண்டன் குண்டுவீச்சில் இல்லம் அழியவே ஆக்ஸ்போர்டில் குடியேறினார். 1955இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். போரும் அரசியல் மாற்றங்களும் தாயக வழியை அடைத்தன. அவ்வாண்டுகளின் ஏக்கம் அவர்தம் நூல்களில் சீன எழுத்தில் அமைந்த சிறு கவிதைகளாக இடம்பெற்றது. ஆங்கில வாசகர்க்கு அருகில் மொழிபெயர்ப்பும் தந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து 1975இல்தான் மீண்டும் சீன மண்ணை மிதித்து மனைவியைக் கண்டார். 1977இல் மறுமுறை சென்றபோது பெய்ஜிங்கில் காலமானார்.