புளிப்புக்கும் ஒரு பம்ப்செட்!



சின்ன வயதில் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்துக்கு வெல்லத் தண்ணீர் ஊற்றியவன் நான். பழம் இனிக்கும் என்று நம்பிக்கை! எறும்பு வந்ததுதான் மிச்சம். "ஏன்டா, விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்று பாட்டி சிரித்தார். அதில் எவ்வளவு விஞ்ஞானம் இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

புளிப்பு எங்கே இருக்கிறது?

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு சுமார் 2. இதை நம்ம கெமிஸ்ட்ரி லேபிலேயே பார்க்கலாம். புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம், பழத்தின் செல்லுக்குள் 'வாக்குவோல்' என்ற பையில் தேங்கி நிற்கிறது. பைக்கு வெளியே, அதே செல்லுக்குள், பிஎச் ஏறக்குறைய 7. வித்தியாசம் 5 தானே என்று நினைக்காதீர்கள். பிஎச்சில் 1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடும். அப்படியானால் பைக்குள் 1 லட்சம் மடங்கு அதிகம்!

சம்ப்பில் இருக்கும் தண்ணீர் தானாக மேல் டேங்குக்கு ஏறுமா? மோட்டார் வேண்டும் அல்லவா? செல்லிலும் அப்படித்தான். பையின் சவ்வில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள், ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து அயனிகளை உள்ளே தள்ளுகின்றன. இந்தப் பம்பைச் செய்வதற்கான 'டிராயிங்' பிஎச்1, பிஎச்5 என்ற இரண்டு மரபணுக்களில் இருக்கிறது. முதலில் இவை பெட்டூனியா பூவின் நிறத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தவை. எலுமிச்சையின் புளிப்புக்கும் இவையே காரணம் என்பது 2019-ல் வெளியானது.

சுவிட்ச் யார் கையில்?

மோட்டார் இருந்தால் மட்டும் போதுமா? சுவிட்ச் போட்டாத்தானே ஓடும்! அந்தச் சுவிட்சின் பெயர் 'நோயெமி'. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மைய விஞ்ஞானிகள் தலைமையிலான குழு இந்த மரபணுவையும் 2019-ல் விளக்கியது. இது பழுதான எலுமிச்சை வகைகளில் புளிப்பு இல்லை. சர்க்கரை கூடியதால் அல்ல, அமிலம் குறைந்ததால்தான் அவை இனிக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பூவிலும் கொழுந்திலும் ஊதா நிறம் வருவதற்கும் இதே சுவிட்ச் வேண்டும். 'ஃபாரிஸ்' என்ற அபூர்வ எலுமிச்சை மரம் ஒன்றிலேயே புளித்த பழமும் புளிக்காத பழமும் காய்க்கும். ஊதா படிந்த பூ விடும் கிளையில் புளிப்பு. வெள்ளைப் பூக் கிளையில் இனிப்பு. அதற்காக வெள்ளைப் பூ எல்லாம் இனிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புளித்த ஆரஞ்சின் பூவும் வெள்ளைதான். அங்கே நிறத்துக்கான வேறொரு மரபணு வேலை செய்யவில்லை.

ஆப்பிளில் கதை வேறு. அங்கே இருப்பது மாலிக் அமிலம். அதன் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது 'எம்ஏ1' என்ற மரபணு.

நமக்கென்ன பயன்?

விதையிலிருந்து வளரும் மரம் காய்க்கப் பல வருஷம் ஆகும். அத்தனை நாள் தண்ணீர் ஊற்றிய பிறகு பழம் சரியில்லை என்றால் விவசாயியின் உழைப்பு என்னாவது? மரபணுவைத் தெரிந்துகொண்டால், புது ரகம் உருவாக்குபவர்கள் கன்றிலேயே சோதித்துக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். வெயிலும் பழுக்கும் பருவமும் புளிப்பைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் எலுமிச்சையைச் சாத்துக்குடி ஆக்க அவற்றால் முடியாது.

சுவிட்ச் இருக்கும் இடம் செல்லுக்குள்ளே. நான் வெல்லம் ஊற்றியதோ வேரில். எறும்புகளுக்காவது லாபம்!