பயர்வாலை ஆப் செய்யலாமா?

கல்லூரி விடுதியில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறை நண்பர்களுடன் நெட்வொர்க்கில் கேம் விளையாட முயன்றபோது என் லேப்டாப் மட்டும் இணையவில்லை. “பயர்வாலை ஆப் பண்ணுடா” என்றான் ஒருவன். செய்தேன், கேம் ஓடியது. மறுபடி ஆன் செய்ய மறந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் பைல்களை அனுப்புவதற்காக, ஒரு டிரைவை பாஸ்வேர்ட் இல்லாமல் ஷேர் செய்து வைத்திருந்தேன். புராஜெக்ட் பைல்களும் அதில்தான் இருந்தன. ஒரு நாள் காலையில் அந்த போல்டர் காலி! நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்கும் வருவதில்லை. அழித்தது யார் என்று இன்று வரை தெரியாது.

அதுவரை அந்த டிரைவைக் காத்தது எது? பயர்வால்தான். நெட்வொர்க் தொடர்புகளுக்கு 0 முதல் 65535 வரை எண்ணிட்ட போர்ட்கள் உண்டு. இவற்றை வீட்டின் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பைல் ஷேரிங் 445ஆம் கதவில் நடக்கிறது. நாம் அழைக்காமல் வெளியிலிருந்து வரும் தொடர்பைப் பயர்வால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் பயர்வால் இருந்தது. ஆனால் தானாக இயங்காது. 2003இல் பிளாஸ்டர் வார்ம் 135ஆம் போர்ட் வழியாகப் பரவியது. 2004இல் வெளியான சர்வீஸ் பேக் 2 முதல்தான் பயர்வால் தானாகவே ஆன் நிலையில் வந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது 445ஆம் போர்ட் வழியாக.

அப்படியானால் கேம் இயங்க என்ன செய்திருக்க வேண்டும்? அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். விண்டோஸ் 11இல் வழி இதோ:

1. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என டைப் செய்து திறக்கவும்.

2. பயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடக்ஷன் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும். டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆன் என்று இருக்க வேண்டும்.

3. அதன் கீழே உள்ள அலவ் ஆன் ஆப் த்ரூ பயர்வால் என்பதில் கிளிக் செய்து, சேஞ்ச் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தவும்.

4. பட்டியலில் தேவையான புரோகிராமைத் தேடி, பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக் செய்திடவும். பப்ளிக் கட்டத்தை விட்டுவிடவும்.

பிரைவேட் என்பது உங்கள் வீட்டு நெட்வொர்க். விடுதி, ரயில் நிலையம், ஹோட்டல் ஆகியவற்றின் வைஃபை எல்லாம் பப்ளிக்தான். புதிய இணைப்பு எதுவானாலும் முதலில் பப்ளிக் என்றே வைத்துக்கொள்ளவும். அந்தப் பட்டியலையும் அவ்வப்போது பார்த்து, இப்போது பயன்படுத்தாத புரோகிராம்களின் டிக்கை நீக்கிவிடவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸ் பயர்வால் சாதாரணமாக உள்ளே வருபவற்றைத்தான் தடுக்கும்; வெளியே செல்பவற்றைத் தடுக்காது. மெயிலில் வந்த வைரஸ் பைலை நீங்களே திறந்தால், அது திருட்டுத்தனமாகத் தகவல் அனுப்புவதை இந்தக் காவலாளி கேள்வி கேட்க மாட்டார். எனவே ஆன்டிவைரஸும் அப்டேட்டும் அவசியம்.

எந்தப் புரோகிராமாவது பயர்வாலை ஆப் செய்யச் சொன்னால், மேலே சொன்ன பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு விருந்தாளி வருகிறார் என்பதற்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றி வைப்போமா?

அந்த புராஜெக்ட்டை நான் மீண்டும் முதலிலிருந்து எழுதினேன். உங்களுக்கு அந்த வேலை வர வேண்டாம். இன்றே ஒரு முறை சோதித்துவிடுங்கள்.