யூதப்பள்ளியில் ஒரு தமிழ்ப் பாடம்

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு முற்கால மக்கள் 'செத்த காலேஜ்' என்று பெயரிட்டனர். விலங்குகள் உலவிய இடம் 'உயிர்க் காலேஜ்' ஆயிற்று. நகைத்துவிட்டுப் போகத்தக்க பெயர்கள் அல்ல இவை. காட்சிச்சாலை ஒரு கல்லூரி என்பதை எழுத்தறியாத மக்களும் உணர்ந்திருந்தனர். அந்தக் கல்லூரியில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதையும் உணர்ந்திருந்தனர்.

ஒரு சமூகமே ஊரைவிட்டுப் போனபின், அது தொழுத கட்டடம் காட்சிச்சாலையாக மாறினால் அங்கே உயிர் இருக்குமா? எர்ணாகுளம் மாவட்டத்து வடக்குப் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள யூதப்பள்ளிகள் இந்தக் கேள்வியை நம்முன் வைக்கின்றன. இரண்டும் இன்று முசிறித் தொல்மரபுத் திட்டத்தின்கீழ் காட்சிச்சாலைகளாக இருக்கின்றன.

பாலக்காட்டு எல்லையிலிருந்தும் இடுக்கி மலையடிவாரத்திலிருந்தும் வந்து நம்முடன் பயிலும் மாணவர்களுக்கு இவை அயலூர்ச் செய்திகள் அல்ல. இடுக்கி மலைக்காட்டில் பிறந்து ஆலுவா வழியாக ஓடிவரும் பேரியாற்றின் கடல்முகப் பகுதியில்தான் பரவூர் இருக்கிறது. அகநானூற்று 149-ஆம் பாட்டு, யவனர் கப்பல்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற முசிறியையும் இந்த ஆற்றையும் சேர்த்தே பேசுகிறது. மலைச்சரக்கு ஆற்றோடு இறங்கியது. கொங்குநாட்டுச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும் அவ்வழியே வந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கோவை வட்டாரத்தில் கிடைத்த உரோம நாணயக் குவியல்களும் இவ்வழியின் செழிப்புக்குச் சான்று. மேலைக்கடல் வணிகர் பலர் வந்து தங்கிய இக்கரையில்தான் யூதரும் குடியேறினர்.

அவர்கள் முதலில் வந்த ஆண்டு இன்னதென்று மரபுக்கதைகள் பலவாறு கூறும். நாம் கல்லையும் செம்பையும் நம்புவோம். கி.பி. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களில் சிலர், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதியிருக்கின்றனர். கி.பி. 1000 அளவில் சேரவேந்தன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது, யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்துச் செப்பேடு வழங்கினான். அது மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியாருடைய பெருஞ்செல்வம். அதன் நகல் ஒன்றுதான் 2017-இல் இந்தியத் தலைமை அமைச்சரால் இசுரேல் தலைமை அமைச்சருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

நண்பர்களே, இந்தச் செப்பேட்டை நாம் ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவேண்டும். எழுத்து வட்டெழுத்து, மொழி, தமிழிலிருந்து மலையாளம் தனித்துப் பிரிந்துவந்த காலத்து மொழி. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று உரிமைகள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எத்தனை சொற்களுக்கு நமக்கு அகராதி தேவை? பாவாடை என்றால் இங்கே பெண்கள் உடை அன்று. பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணி. பகல்விளக்கு என்பது ஒளிக்காக ஏற்றியது அன்று, மதிப்புக்காக ஏற்றியது. உல்கு என்னும் சுங்கமும் துலாக்கூலி என்னும் நிறைகூலியும் அவனுக்கு விலக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பதோ ஓர் ஊரின் பெயர் அன்று. அது கடல்வணிகர் குழுவின் பெயர். தமிழகத்துக் கிழக்குக் கரையில் தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் அக்குழு வருகிறது. கொச்சி அரசில் யூதத் தலைவருக்கு வழங்கிய பட்டம் முதலியார் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்கலாம். பரவூர்ப் பள்ளியை 1616-இல் கட்டுவித்தவர் தாவீது காஸ்டியல் முதலியார்.

இனிக் கட்டடத்தைப் பார்ப்போம். தெருவிலிருந்து நேரே தொழுகைக்கூடத்தில் நுழைய முடியாது. வாயிற்கட்டடம், முற்றம், தூண்கள் நிற்கும் நீண்ட நடை, அதன்பிறகே கூடம். கேரளக் கோயில் அமைப்பைப் பழகியவர்க்கு இந்தப் படிமுறை பழக்கமானது போலவே தோன்றும். உள்ளே கூடத்தின் நடுவில், மறை ஓதுவதற்கு ஒரு மேடை. உலகத்துப் பிற யூதப்பள்ளிகளில் அந்த ஒன்றுதான் இருக்கும். கேரளத்திலோ மாடியில் இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. அதன் பின்னால், மரச்சட்டத்தால் பிரித்த இடத்தில் பெண்கள் அமர்ந்தனர். விழாநாளில் மறையேட்டை மாடி மேடைக்குக் கொண்டுவந்து ஓதுவர். அப்போது ஓதுபவர்க்கு மிக அருகில் இருந்தவர்கள் பெண்களே.

இந்தப் பெண்கள் கையில் ஒரு கலை இருந்தது. எபிரேய வழிபாட்டுக்கு ஆண்கள் பொறுப்பென்றால், மலையாளப் பாட்டுக்குப் பெண்கள் பொறுப்பு. கலியாணப் பாட்டு, மறைக்கதைப் பாட்டு, பள்ளி கட்டிய கதையைச் சொல்லும் பாட்டு ஆகியவற்றைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதித் தாயிடமிருந்து மகள் பெற்றாள். ஆண்கள் இருக்கும் இடத்திலும் பாடினர். கடுமையான யூத ஒழுக்கம் பெண்குரலுக்கு விதிக்கும் தடை இங்கே வழக்கத்தில் இல்லை. பாட்டுகளில், பிற இடத்தில் வழக்கொழிந்த பழஞ்சொற்கள் தங்கிநிற்கின்றன. மொழிநூல் பயில்வோர்க்கு அவை ஒரு சுரங்கம்.

1948-இல் இசுரேல் நாடு பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில், பெரும்பாலும் 1954, 1955-இல், கேரள யூதர் ஏறக்குறைய முழுமையாகக் கப்பலும் விமானமும் ஏறினர். யாரும் அவர்களை விரட்டவில்லை. இதை அவர்களே பெருமையாகச் சொல்வர். பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டுத் தொழுகை நடக்கும் என்பது யூத விதி. பரவூரில் பத்துப் பேர் இல்லாமற் போயினர். பள்ளிகளின் கதவுகள் அடைபட்டன. மாளாவில், புறப்பட்டவர்கள் பள்ளியையும் இடுகாட்டையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். பள்ளி பின்னர் ஊர்ப்பொதுமன்றமாகப் பயன்பட்டது.

மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலை நிறைந்த உட்புறம் எருசலேமில் உள்ள இசுரேல் காட்சிச்சாலைக்குச் சென்றது. 1995 முதல் அதை அங்கே காணலாம். பரவூரின் மறைப்பேழையும் அங்கே போயிற்று. ஆகவே இன்று நாம் பரவூரில் காணும் பேழை நகல். உண்மைப் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று கேட்டால், தொழுதவர்கள் சென்ற நாட்டில் என்று சிலர் சொல்வர். செதுக்கிய தச்சன் வாழ்ந்த ஊரில் என்று சிலர் சொல்வர். என் மனம் பின்னவர் பக்கமே சாய்கிறது. ஆனால் கடவும்பாகத்துக் கூரை இங்கேயே இருந்திருந்தால் கறையானுக்குத் தப்பியிருக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

சேந்தமங்கலத்துப் பள்ளி செப்பனிடப்பட்டு 2006-இல் காட்சிக்குத் திறக்கப்பட்டது. அதன் முன்புறத்தில் நிற்கும் கல்லைப் பார்க்காமல் வரக்கூடாது. இசுரேல் என்பவரின் மகள் சாரா என்னும் பெண்ணின் கல்லறைக்கல் அது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழமையானது என்பர். இரண்டு இடங்களிலும் படங்களும் விளக்கப் பலகைகளும் உள்ளன. அருகிலுள்ள பாலியம் அரண்மனையையும் பரவூர்ச் சந்தையையும் இணைத்துப் படகுப் பயணமும் அமைந்திருக்கிறது.

ஆனால் பலகை பாடாது. பாட்டு எங்கே சென்றது? அதுவும் கடல் கடந்தது. மட்டாஞ்சேரியில் 1912-இல் பிறந்து 1951-இல் இசுரேல் சென்ற ரூபி தானியேல் அம்மையார் பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்; அவர் தம் வாழ்க்கை நூல் 1995-இல் வந்தது. பார்பரா ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர் முதிய பெண்களின் குரலை ஒலிப்பதிவு செய்து நோட்டுகளைத் தேடித் தொகுத்தார். எபிரேயப் பல்கலைக்கழகம் 2004-இல் அவற்றிலிருந்து ஓர் ஒலித்தட்டு வெளியிட்டது. அடுத்த ஆண்டில் கேரளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் மலையாள மூலத்தையும் எபிரேய மொழிபெயர்ப்பையும் ஒரே நூலாகப் பதிப்பித்தனர். பாலைநிலத்து நெவாத்தீம் என்னும் குடியிருப்பில் கொச்சி யூதர்கள் தம் பள்ளியோடு ஒரு காட்சிக்கூடமும் நடத்துகின்றனர். பேரர்கள் பொருள் புரியாமலே பாட்டியின் மலையாளத்தைப் பயில்கின்றனர். இதைத்தான் உயிர்க் காலேஜ் என்று நான் சொல்வேன். அந்தக் கல்வி கடலுக்கு அப்பால் நடக்கிறது. பாட்டின் மொழி புரிந்த நாமோ இப்பால் இருக்கிறோம்.

காட்சிச்சாலைகள் மெல்லிய குரலில் சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. கேரள யூதரிடையிலும் உயர்வு தாழ்வு இருந்தது. பரதேசிப் பள்ளியில், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர் வழிவந்தோர் மற்றவர்க்குச் சமமாக அமரமுடியவில்லை. அவர்களுள் ஒருவரான ஏ.பி. சேலம் (1882-1967) சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர்க் காங்கிரசுக்கும் போய்வந்தார். காந்தியடிகளின் அறவழியையே தம் பள்ளிக்குள் கொண்டுசென்று அந்த வேற்றுமையை எதிர்த்தார். அவரை 'யூத காந்தி' என்றனர். 1968-இல் பரதேசிப் பள்ளியின் நானூறாவது ஆண்டு நிறைவுக்கு இந்திரா காந்தி அம்மையார் வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. சேலம் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். நீலவண்ணச் சீன ஓடுகளைக் காணவரும் கூட்டத்தில், அவர் பெயரைக் கேட்டு வருவோர் சிலரே.

நம் மன்றத்தார் ஆண்டுதோறும் ஒரு சுற்றுலாச் செல்கிறோம். இம்முறை பரவூர் செல்லலாம். பாலக்காட்டிலிருந்து ரயிலில் ஆலுவா. அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் பரவூர். இடுக்கி மாணவர் அடிமாலி, கோதமங்கலம் வழியாக இறங்கி ஆலுவாவில் சேர்ந்துகொள்ளட்டும். போகுமுன் இரண்டு மாலைகளைச் செப்பேட்டுக்கு ஒதுக்குவோம்: வட்டெழுத்து அறிந்தவர் ஒருவர் கரும்பலகையில் எழுதட்டும், மலையாளம் பயின்ற பாலக்காட்டு நண்பரும் தமிழ் இலக்கணம் பயின்ற நாமும் மாறிமாறிப் பொருள் சொல்லுவோம். ஒலித்தட்டையும் கேட்டுவிட்டுப் போவோம். பரவூரில் மாடி ஏறிப் பெண்கள் அமர்ந்த இடத்தில் சற்று நிற்கும்போது, அந்தப் பாட்டுகளில் ஒன்றாவது நம் காதில் இருக்கட்டும்.