பாதி ராத்திரியில் கழன்றுபோகும் மாஸ்க்

கேள்வி: எனக்கு வயது 47. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கார்டிங் பகுதியில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். குறட்டை பல வருடமாக உண்டு. வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது கண் செருக ஆரம்பித்ததும் பயந்துபோய் மதுரையில் ஸ்லீப் டெஸ்ட் எடுத்தேன். தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். கடன் பட்டுத்தான் வாங்கினேன். மாட்டியதும் காற்றே போதாத மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் புயல் அடிக்கிறது. காலையில் பார்த்தால் மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. வாய் காய்கிறது, வயிறு உப்பிக்கொள்கிறது. "இதுக்கு உங்க குறட்டையே தேவலை" என்கிறாள் வீட்டுக்காரி. போகப்போகப் பழகிவிடும் என்கிறார் கடைக்காரர். திருப்பிக் கொடுத்துவிடலாமா? அடுத்த மாதம் பொதிகையில் சென்னை போக வேண்டியிருக்கிறது, அன்றைக்கு என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். 42 சின்ன எண் இல்லை. 5-க்குள் இருந்தால் இயல்பு. 30-ஐத் தாண்டினாலே தீவிரம். நீங்கள் தூங்கும் நேரம் முழுக்க ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டை அடைபடுகிறது, அல்லது அடைபடும் அளவுக்குச் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது பத்து வினாடி. மூளை உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைக்கிறது. குறட்டை விடுகிறவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வோம். உண்மையில் அந்த வீட்டிலேயே குறைவாகத் தூங்கியவர் அவராகத்தான் இருப்பார். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் இந்த நோயும் ஒன்று. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மெஷினோடு நீங்கள் ஒத்துப்போகும்வரை பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள். ராஜபாளையம் சாலையில் பஸ்ஸுக்கா பஞ்சம்?

கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. முகத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்ற உணர்வு போகப்போகப் பழகும். காற்றுக் கசிவும் மூக்கடைப்பும் பழகாது, அவற்றைச் சரிசெய்தாக வேண்டும். மாஸ்க்கைத் தூக்கத்தில் கழற்றி எறிவது உங்கள் மனஉறுதிக் குறைவால் இல்லை. ஏதோ ஒன்று உங்களை எழுப்புகிறது, கை தானாகப் போகிறது.

முதலில் 'காற்று போதவில்லை' என்பதைப் பார்ப்போம். அழுத்தம் மெதுவாக ஏறுவதற்கென்று 'ராம்ப்' என்றொரு வசதி மெஷினில் இருக்கும். அது 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடங்கும்படி வைத்திருந்தால், பெரியவர்கள் பலருக்கு மூச்சு முட்டுவது போலத்தான் இருக்கும். தொடக்கத்தை 6 பக்கம் கொண்டுவந்தாலே அந்தத் திணறல் பெரும்பாலும் போய்விடும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும் வசதியும் பல மெஷின்களில் உண்டு. இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அழுத்தத்தின் மேல் வரம்பில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

அடுத்தது மாஸ்க். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். புதியவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே அதை மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூக்கு வழியாக மூச்சுவிட முடிகிறவருக்கு மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்தான் நல்லது. கசிவு குறையும், பெரும்பாலும் குறைந்த அழுத்தமே போதும், தொடர்ந்து மாட்டுவதும் எளிது. நம் பக்கத்து ஆண்களுக்கு இன்னொரு சிக்கல், மீசை. அடர்ந்த மீசைமேல் சிலிக்கான் விளிம்பு ஒட்டி உட்காராது. மீசையை எடுக்கச் சொன்னால் நீங்கள் மெஷினைத்தான் எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற 'நேசல் பில்லோ' வகையைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாஸ்க்கானாலும் படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதே மாட்டி அளவு பாருங்கள். உட்கார்ந்து பார்த்தால் ஒரு முகம், மல்லாந்தால் வேறு முகம். கசிகிறதென்று பட்டையை இறுக்க இறுக்க இன்னும் கசியும். சைக்கிள் டியூப் மாதிரி அந்த விளிம்பு காற்றால் உப்பி நின்றால்தான் அடைக்கும். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கன்னத்தில் எந்த மாஸ்க்கும் வழுக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது மூக்கைத்தான். கார்டிங் பகுதியில் பஞ்சுத் தூசுக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கும், வாய் காயும், காற்றை விழுங்குவீர்கள், வயிறு உப்பும். கசிவு மிகுந்தால் தானியங்கி மெஷின் கணக்குத் தவறி அழுத்தத்தை ஏற்றுவதும் உண்டு. நீங்கள் சொல்லும் புயல் அப்படியும் வரலாம். வேலையில் முகக்கவசம் போடுங்கள். ஷிப்ட் முடிந்ததும் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்க் கரைசலால் மூக்கைக் கழுவுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் உள்ளே பார்க்கட்டும். ஸ்பிரே எழுதித் தரலாம், மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் சொல்வார். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போடாதீர்கள், விட்டதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். மெஷினின் ஃபில்டரையும் அடிக்கடி பாருங்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியை வீட்டோடு வைத்திருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

காற்றை ஈரப்படுத்தும் தொட்டி இருந்தால் பயன்படுத்துங்கள், வாய்க்கும் மூக்குக்கும் இதம். அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தொட்டியில் வெள்ளையாகப் படியும். மார்கழிக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால் ஈரப்பத அளவைக் குறைத்து, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

பழக்கத்தைப் படுக்கையில் தொடங்க வேண்டாம். மாலையில் டிவி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்காருங்கள், முதலில் கால் மணி, பிறகு அரை மணி. தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நேரத்தில் உடம்பு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். சிட்னியில் காலின் சல்லிவன் 1980-ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது இரைச்சல் போடும் மோட்டாரும், இரவுதோறும் முகத்தில் பசை போட்டு ஒட்டும் மாஸ்க்கும்தான் இருந்தன. அதையும் மாட்டிக்கொண்டு ஆட்கள் தூங்கினார்கள்! இன்றைய மெஷின் மின்விசிறியைவிட அமைதி. உங்கள் மனைவிக்குக் கேட்கும் உஸ்ஸ் சத்தம் கசிவுடையது, அதை அடைத்தால் அவரும் தூங்குவார்.

இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போதும் மாட்ட வேண்டும், மதியக் குட்டித்தூக்கத்துக்கும் சேர்த்துத்தான். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாளை முன்பே பார்த்து வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டு ஓட்டலாம். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அந்தச் சூடுதான். காற்று நின்றுபோனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் போட்டால் போதும் என்று பலர் கேட்கிறார்கள். நான்கு மணி நேரம் என்பது காப்பீட்டுக் கணக்குக்கு வைத்த குறைந்தபட்சக் கோடு. இதய நோயோ மூளை ரத்தநாள நோயோ இந்த நோயோடு சேர்ந்திருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி, 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் மெஷின் ஓடியது. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. நேரம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே தூங்கும் நேரம் முழுவதையும் குறியாக வையுங்கள், ஆனால் இன்றைக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் அதையும் வரவில் எழுதுங்கள். மெஷின் திரையில் ஓடிய நேரம், கசிவு, மூச்சுத் தடை எண்ணிக்கை எல்லாம் தெரியும். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் பதிவோடு மதுரை மருத்துவரைப் பாருங்கள். வெறும் கையோடு போய் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பொதிகையைப் பற்றிக் கேட்டீர்கள். ரயில் பெட்டியின் பிளக் செல்போன் சார்ஜருக்கானது, அதை நம்ப முடியாது. இந்த மெஷினுக்கென்றே பேட்டரி விற்கிறார்கள். ஒரு பயணத்துக்காக மறுபடி கடன் படாதீர்கள். அந்த ஓர் இரவு தலையைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மெஷினைப் பையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாருக்குள் போய்விடும். சென்னையில் உறவினர் வீட்டில் தங்கினால், கூச்சப்பட்டு அதைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.