ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்து

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, போன் செய்தாலும் ‘படிக்கணும்’ என்று வைத்துவிடுகிறாய் என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். செக்கிங் டேபிளில் பனியனைத் திருப்பிப் பார்க்கும்போதும் அவள் நினைப்பெல்லாம் உன்மேல்தான்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நீ அங்கே சேர்ந்தபோது நம் வீதியே கொண்டாடியது. அந்தப் பெருமையே இப்போது உனக்குச் சுமையாகிவிட்டதோ என்று நினைக்கிறேன். பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை, அங்கே மார்க் குறைந்தால் யாரிடம் சொல்லும்?

மருத்துவம் படித்த காலத்தில், முதலாண்டு அனாட்டமி வாய்மொழித் தேர்வில் (வைவா) நானும் வாய் திறக்காமல் நின்றவன்தான். யாரிடமும் சொல்லாமல் ராத்திரியெல்லாம் விழித்துப் படித்தேன். காலையில் ஒன்றும் நினைவில் நிற்காது. படித்ததை மூளை நன்றாகப் பதிய வைக்கத் தூக்கம் வேண்டும் என்று அப்போது உறைக்கவில்லை.

லீவில் ஒருநாள் உன் தாத்தாவுக்குச் சோறு கொண்டு நிட்டிங் கம்பெனிக்குப் போயிருந்தேன். சுற்றும் மெஷினிலிருந்து இறங்கிய துணியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. தாத்தா உடனே மெஷினை நிறுத்தினார். நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று உடைந்திருந்தது. அதை மட்டும் கழற்றிப் புதுசு போட்டு மறுபடி ஓட்டினார். “நிறுத்தாம ஓட்டுனா ரோல் பூராவும் கோடு விழும்டா” என்றார். அன்று ராத்திரிதான் வைவா விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

தாங்கும் சக்தி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது இல்லை, அம்மிணி. கோடு தெரிந்ததும் நிறுத்துவதுதான்.

இந்த மனச்சுமை உனக்கு மட்டும் வந்ததும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அறிக்கை தந்தது. அதற்கான ஆய்வில் பங்கேற்ற 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நாலில் ஒருவருக்கு மேல். உன் பெஞ்சிலேயே இன்னொரு பிள்ளை இப்படி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

தினமும் ஏழு மணி நேரம் தூங்கு. புரியாத பாடத்தை முதலில் தோழியிடம் தமிழில் பேசிப் பார், பிறகு ஆங்கிலத்தில் எழுது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் மனநல மருத்துவரைப் பார். நாளை நோயாளியிடம் நீ சொல்லப்போவதும் இதைத்தானே? வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும், எந்த நேரமானாலும் 14416-க்குப் பேசு. அரசின் டெலிமானஸ் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம். எனக்கும் போன் செய்.

அம்மாவுக்கு இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். எட்டரை மணிக்கு மேல் அவளைக் கூப்பிட்டு, உன் மனதில் இருப்பதை நீயே சொல்.

அன்புடன்,
மாமா