கதவைத் திறந்த கைகள்

"முயன்று படித்தால் முன்னுக்கு வரலாம்" என்று நம் ஆசிரியைகள் கூறக் கேட்டிருக்கிறோம். உண்மையே. ஆனால், முயல்வதற்குப் பள்ளியின் கதவே திறக்காவிட்டால்? அமெரிக்காவில் காது கேளாத கறுப்பினக் குழந்தைகளுக்கு நேர்ந்தது இதுதான்.

தாயின் வழக்கு

வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்காக 1857-ல் தொடங்கப்பட்டது கெண்டல் பள்ளி. கல்லாடெட் கல்லூரியும் அதே வளாகத்தில்தான் எழுந்தது. 1905-ல் வெள்ளையர் இனப் பெற்றோரின் எதிர்ப்பினால் கறுப்பினப் பிள்ளைகள் அப்பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு, அண்டை மாநிலமான மேரிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். சொந்த ஊரில் பள்ளி இருந்தும் பெற்றோரைப் பிரிய வேண்டியதாயிற்று.

லூயிஸ் மில்லர் என்னும் கறுப்பினத் தாய் இதை ஏற்கவில்லை. காது கேளாத தம் மகனுக்காக, மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, நகரக் கல்வி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்து 1952-ல் வென்றார். ஆயினும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அவ்வளாகத்தில் ஒரு தனிக் கட்டடமே! 1954-ல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்தத் தடுப்பு நீங்கியது.

மாணவரின் உறுதி

அதே ஆண்டுகளில் அதே வளாகத்தில் கல்லூரி மாணவராக இருந்தவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். 1925-ல் அலபாமாவில் பிறந்த இவர், பதினோராம் வயதில் மூளையுறைக் காய்ச்சலால் செவிப்புலனை இழந்தார். கறுப்பினத்தாருக்கான பள்ளியில் இவருக்குக் கிடைத்த படிப்பு மிகக் குறைவு. அஞ்சல் வழியில் உயர்நிலைக் கல்வியை முடித்தார். கல்லாடெட் கல்லூரி பலமுறை இடம் மறுத்தும் விண்ணப்பிப்பதை நிறுத்தவில்லை. 1951-ல் இடம் பெற்றார். 1954-ல் பட்டம் பெற்றார். அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராக அவர் போற்றப்படுகிறார்.

பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1957-ல் கிறிஸ்தவ ஊழியராகக் கானா நாட்டுக்குச் சென்று, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1987-ல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும் முன், ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். தமக்கு மூடப்பட்ட கதவை அவர் பிறருக்குத் திறந்து வைத்தார்.

நாம் கற்கும் பாடம்

தனிக் கட்டடத்தில் பயின்ற 24 மாணவர்களுக்கு, கல்லாடெட் பல்கலைக்கழகம் 2023-ல்தான் பள்ளிச் சான்றிதழ் வழங்கிச் சிறப்பித்தது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர். தாமதமான நீதி எத்தனை பேருக்கு எட்டாமலே போகிறது!

அன்புத் தோழியரே, உறுதி மாணவருடையது; வாய்ப்பளிப்பது சமுதாயத்தின் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் கல்வி கனியும். நம் வகுப்பில் கேட்கும் திறன் குறைந்த தோழி இருந்தால், அவள் முகம் பார்த்துப் பேசுவோம். நம் குறிப்பேட்டை அவள் பக்கம் நகர்த்துவோம். நம் கைகளாலும் ஒரு கதவு திறக்கட்டும்.